பதினெட்டாம் நாள் குட்டிகள்

3 நவம்பர் 2003, திங்கள்

பட்டை இல்லை. பதினெட்டு நாள் வயதான ஆறு சுண்டெலிக் குட்டிகள், ஜெல்லில் ஆறு குழிகள், ஆறும் இருட்டு. போன மாதம் இதே வயதுக் குட்டிகளில் கண்ணைப் பறிக்கிற மாதிரி பட்டை வந்தது. அதே ஜீன், அதே பிரைமர், அதே நான். ஒரு மாதத்தில் எலிக்கு என்ன புத்தி மாறிவிட்டது?

கோதண்டராமன் சார் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரிப்பீட் பண்ணும்மா" என்றார். நான்கு வருடமாக என் கைடு எனக்கு உபதேசித்த ஒரே மந்திரம் அது.

உதவித்தொகை மார்ச் 31-உடன் நிற்கிறது. அதற்குள் சார் கையெழுத்துப் போட்டு தீசிஸ் போகாவிட்டால், நாச்சியார் எம்.எஸ்ஸி. மூட்டை கட்டிக்கொண்டு நாங்குநேரி பஸ் ஏற வேண்டியதுதான்.

4 நவம்பர்

ரிப்பீட். இல்லை.

12 நவம்பர், புதன்

அறைத்தோழி முத்துச்செல்வி கார் ஒயரிங் கம்பெனியில் லைனில் நிற்பவள். இன்று ஷிஃப்ட் முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள்: "ஏட்டி, நீ அங்க என்னதான் பண்ணுத? எங்க லைன்ல பிள்ளேள் கேக்காளுவ."

சொன்னேன். பிறந்த ஆண் குட்டியின் விரையில் விந்தணு கிடையாது. முதல் கூட்டம் செல்கள் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகவே வளரும். எட்டாம் நாள் ஒரு நிலை, பதினான்காம் நாள் அடுத்தது, இருபதாம் நாள் வாக்கில் குரோமோசோம் பாதியாகிவிடும், முழு விந்தணு ஆக ஐந்து வாரம். ஆகவே குட்டிக்கு எத்தனை நாள் என்று தெரிந்தால் உள்ளே என்ன செல் இருக்கிறது என்று தெரியும். ஜீன்கள் எல்லாச் செல்லிலும் உண்டு. எது எந்த நாள் வாய் திறக்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் லேபில் கிடைத்த புது ஜீன், எழுபத்தொன்பதாம் நம்பர், விரையில் மட்டும் பேசுகிறது. பேசினால் ஜெல்லில் வெள்ளைப் பட்டை விழும், இல்லாவிட்டால் இருட்டு. பதினெட்டாம் நாளே பேசினால் அது குரோமோசோம் பாதியாவதற்கு முந்தைய ஜீன். இருபதில்தான் என்றால் பிந்தையது. என் தீசிஸ் முழுக்க இந்த ஒரு வரிதான்.

"அப்போ நீ எலி எப்போ வயசுக்கு வருதுன்னு பாக்க. இதுக்குப் போயி டாக்டர் பட்டமா?" என்று உருண்டு உருண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா ஊரில் எல்லோரிடமும் நான் மருந்துக் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். கல்யாணமாகாத பெண் விரை, விந்து என்று நாலு வருடம் படிக்கிறாள் என்று எந்த வாயால் சொல்லுவாள், பாவம்.

26 நவம்பர், புதன்

சார் முடிவு கட்டிவிட்டார். "அக்டோபர்ல புது கிட் பிரிச்சோம் பாரு, அதுல டி.என்.ஏ. கலந்திருக்கும். அந்தப் பட்டை பொய். அக்டோபர் டேட்டாவைத் தூக்கிடு. என் பழைய பேப்பர்லயும் இந்த மாதிரி ஜீன் எல்லாம் இருபதுலதானே வந்திருக்கு?"

உங்கள் பேப்பரில் வந்ததால் என் எலியும் அப்படியே நடக்க வேண்டுமா? கேட்கவில்லை. லேபுக்கு வந்து, பிப்பெட்டில் மாட்டும் பிளாஸ்டிக் முனைகளை ஒரு டப்பா தரையில் கொட்டினேன். பிறகு நானேதான் பொறுக்கினேன்.

9 டிசம்பர், செவ்வாய்

அக்டோபர் குட்டிகளின் ஆர்.என்.ஏ.வை (ஜீன் பேசும் பேச்சு அதுதான்) எடுத்து, அதை டி.என்.ஏ. ஆக்கும் என்சைம் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று ஓட்டினேன். டி.என்.ஏ. கலந்திருந்தால் இரண்டிலும் பட்டை வர வேண்டும். போட்டதில் மட்டும் வந்தது. ஆக, அக்டோபர் பட்டை நிஜம்.

அதே கிட்டில் நவம்பர்க் குட்டிகளை ஓட்டினேன். பட்டை இல்லை. அதுவும் நிஜம்.

இரண்டும் எப்படி நிஜமாக இருக்கும்? தலை வெடிக்கிறது. எத்தனை குட்டிகளைக் கொன்றிருக்கிறேன் இதற்காக — நூற்றுப்பத்துக்கு மேல். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. ஒரு பதிலும் இல்லாமல் கொல்வதுதான் தாங்கவில்லை.

18 டிசம்பர், வியாழன்

கிடைத்துவிட்டது. கையும் களவுமாக.

அனிமல் ஹவுசில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் சின்னப்பையன். வல்லம் வடகால்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒப்பந்த ஆள், ஆறு வருடமாக இருக்கிறார். காலையில் முதல் ஆளாக வந்து, எந்தக் கூண்டில் குட்டி போட்டிருக்கிறதோ அதன் அட்டையில் தேதி எழுதுவார். நான் கேட்ட வயது வந்ததும் கூண்டைக் கொண்டுவந்து தருவார். அக்டோபரில் அவர் மொபெட்டிலிருந்து விழுந்து கால் உடைந்து வீட்டில் இருந்தார். அந்த மாதம் கூண்டு, அட்டை எல்லாம் நானே பார்த்தேன்.

இன்று "பதினாலு நாளும்மா" என்று ஒரு கூண்டை வைத்தார். எட்டுக் குட்டிகள். ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை. பதினான்கு நாள் சுண்டெலி கண் திறந்து ஓட ஆரம்பித்திருக்கும். எடை போட்டேன், எடையும் குறைவு. போன வாரம் அவர் தந்த பதினெட்டு நாள் குட்டிகளின் எடையைத் தேடி எடுத்தேன். அதுவும் குறைவு.

கூண்டை மாற்றி மாற்றித் தருகிறார். என் நாலு வருடம் இந்த மனுஷனின் கவனக்குறைவில் போயிருக்கிறது.

கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி. "அட்டையை மாத்துனீங்களா இல்லையா?"

"இன்னாமா இப்டி கேக்குற? நாளு தப்பாதும்மா. நான் எண்ணி தான் வெச்சிகினு கீறேன்."

"கண்ணே தொறக்கல, பதினாலு நாளாம். யாருகிட்ட கத விடுதீரு?"

அவர் ஏதோ விரல் விட்டு எண்ணிக் காட்டப் போனார். "வேண்டாம், போங்க" என்று சொல்லிவிட்டேன்.

19 டிசம்பர், வெள்ளி

புகார் எழுதிக் கொடுத்தேன். "பணியில் தொடர் அலட்சியம், கூண்டு அட்டைகளில் தவறான பதிவு." சார் படித்துவிட்டு ஒரு வார்த்தை மாற்றாமல் நிர்வாகத்துக்கு அனுப்பினார்.

24 டிசம்பர்

சின்னப்பையனை ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டார். சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. வாசலில் அவர் மொபெட் நிற்கிற இடம் காலி. சரி, செய்த வேலைக்கு.

29 ஜனவரி 2004, வியாழன்

புது ஆள் சொன்னபடி கேட்கிறான். குட்டியைப் பார்த்த தேதியை அட்டையில் எழுதுகிறான், எண்ணுவது என் வேலை. இன்று பதினெட்டாம் நாள் குட்டிகள் ஆறிலும் பட்டை. ஆறிலும். ஜெல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சார்கூடச் சிரித்தார். "பார்த்தியா, ஆளை மாத்தினதும் எல்லாம் சரியாயிடுச்சு" என்றார். முத்துச்செல்விக்குச் சுங்குவார்சத்திரத்தில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மார்ச்சுக்குள் முடித்துவிடலாம்.

11 பிப்ரவரி, புதன்

வீட்டுக்கார அக்கா காந்திமதிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். நேற்று, செவ்வாய், விடியற்காலை நாலரை மணிக்கு. கேசரி கொடுக்க மேலே வந்தவர், "பதினோராம் நாளு தீட்டு கழிக்கிறோம். ரெண்டு பேரும் வூட்ல சாப்டணும்" என்றார்.

நான் பழக்கதோஷத்தில் மனக்கணக்குப் போட்டு, "சனிக்கிழமதானக்கா? எனக்கு லீவுதான்" என்றேன்.

"இன்னா சனி? வியாயக்கெயம."

"செவ்வாய்க்கிழம பொறந்தா எப்படிக்கா வியாழன் வரும்?"

"வெடியறதுக்கு மின்னாடி பொறந்தா முந்தின நாளு கணக்கு தாம்மா. ஆஸ்பத்திரில அவன் செவ்வான்னு எழுதிகினா நமக்கு இன்னா? கொயந்த திங்கக்கெயம பொறந்தது. திங்கக்கெயம ஒண்ணு, செவ்வா ரெண்டு, அப்டியே எண்ணு."

"பொறந்த நாளையும் சேத்தா?"

அவர் முத்துச்செல்வியைப் பார்த்தார். "பொறந்த நாள உட்டுட்டு யாருனா எண்ணுவாங்களாம்மா? இது தான் படிச்ச பொண்ணா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். என் கணக்கில் சனி, அவர் கணக்கில் வியாழன். இரண்டு நாள்.

12 பிப்ரவரி, வியாழன்

சின்னப்பையன் எழுதிய பழைய அட்டைகளை ஸ்டோரிலிருந்து இறக்கினேன். எலி பெரும்பாலும் இருட்டில்தான் ஈனும். அவர் காலையில் வந்து பார்த்து, விடியுமுன் பிறந்தது என்று முந்தின நாள் தேதியைப் போட்டிருக்கிறார். அதில் ஒரு நாள் போயிற்று. பிறந்த நாளையும் சேர்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறார். அதில் இன்னொரு நாள். அவருடைய பதினெட்டு என் பதினாறு. அவருடைய பதினான்கு என் பன்னிரண்டு. எப்படிக் கண் திறந்திருக்கும்?

ஜெல் போட்டோக்களை எல்லாம் லேப் தரையில் பரப்பி, அவர் அட்டைகளுக்கு மட்டும் வயதில் இரண்டு நாளைக் குறைத்து அடுக்கினேன். பதினாறில் இல்லை. பதினேழில், அதாவது அவருடைய பத்தொன்பதில், மங்கலாக. பதினெட்டில் பளிச்சென்று. ஒரு குட்டிகூட வரிசை தப்பவில்லை. எழுபத்தொன்பதாம் நம்பர் ஜீன் பதினேழாம் நாள் வாய் திறக்கிறது, குரோமோசோம் பாதியாவதற்கு முன்னால். அக்டோபரையும் ஜனவரியையும் மட்டும் வைத்திருந்தால் பதினேழு எனக்குத் தெரிந்தே இருக்காது. அவர் அட்டைகள்தான் அதைச் சொல்லின.

எலி ரூம் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. பிறந்த நாள் பூஜ்யம், பார்த்த தேதியே பிறந்த தேதி என்று ஆங்கிலத்தில். டைப் அடித்து ஒட்டியது நான். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும். நாலு வருடத்தில் ஒரு நாள் அதைப் படித்துச் சொன்னேனா? "எப்படி எண்ணுதீங்க"ன்னு ஒரு வார்த்த கேட்டேனா? அவரு வெரல விட்டு எண்ணிக் காட்ட வந்தப்பகூட போங்கன்னுதான சொன்னேன்.

15 பிப்ரவரி, ஞாயிறு

வல்லம் வடகால் போனேன். அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, "எலி கம்பெனி சின்னப்பையனா" என்று காட்டினார்கள். அவர் மனைவி வாசலிலேயே நின்றார், உள்ளே வா என்று சொல்லவில்லை. சின்னப்பையன்தான் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டேன். காந்திமதி அக்கா சொன்னதையே சொன்னார். "எங்கூட்டு கொயந்தைங்களுக்கு எப்டியோ அப்டித்தாம்மா அதுங்களுக்கும். வேற எப்டி எண்றது?"

தப்பு என் மேல்தான் என்றேன். அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவர் சொன்னார்: "அய்வாதம்மா. ஒரகடத்துல ரெண்டு கம்பெனில கேட்டேன். பழைய எடத்துல விசாரிக்கிறாங்கோ. அலட்சியம்னு எழுதி கீதாம். வாச்மேன் வேல கூட தர மாட்டேன்றான். நீ எழுதுனத நீயே மாத்தி எழுதி குடுத்துடும்மா. வேற ஒண்ணியும் வேணாம்."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கையில் அவர் மனைவி பின்னாலேயே வந்து, "சும்மா சொல்லிட்டு பூடாத" என்றார்.

16 பிப்ரவரி, திங்கள்

நிர்வாகத்தில் விசாரித்தேன். புகாரைச் சும்மா வாபஸ் வாங்கினால் செல்லாதாம். அவர் மேல் தப்பில்லை என்பதற்குக் காரணம் எழுத்தில் வேண்டுமாம்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் முகம் மலர்ந்தது. பதினேழு என்றதும் "ப்யூட்டிஃபுல்" என்றார். காரணத்தை எழுதப் போகிறேன் என்றதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நாச்சியார், யோசிச்சுப் பேசு. அவன் ஆறு வருஷமா அட்டை எழுதறான். என் நாலு பேப்பர் அவன் அட்டையிலதான் நிக்கறது. நீ எழுதிக் கொடுத்தா நாலும் ரெண்டு நாள் தப்புன்னு நானே ஒத்துண்ட மாதிரி."

"தப்புதான சார்?"

"அவன் அட்டையெல்லாம் தீசிஸ்ல விட்டுடு. அக்டோபர், ஜனவரி போதும். பதினெட்டுன்னு எழுது, அது பொய்யில்லையே. மார்ச்சுக்குள்ள கையெழுத்துப் போடறேன். அந்த லெட்டர் நிர்வாகத்துக்குப் போச்சுன்னா என்னால எதையும் பார்க்க முடியாது."

பொய்யில்லையாம்.

20 பிப்ரவரி

எழுதினேன். கிழித்தேன்.

21 பிப்ரவரி, சனி

நேற்று முன்தினம் காந்திமதி அக்கா வீட்டில் பதினோராம் நாள் சாப்பாடு. போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன். இன்று முத்துச்செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் யோசித்தாள். "எங்க லைன்ல ஒரு ஒயரு தப்பாப் போச்சுன்னா யாரு மாட்டுனான்னுதான் கேப்பான். எவன் சொல்லிக் குடுத்தான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றாள். அப்புறம், "பட்டத்த வாங்கிட்டு அப்புறமா எழுதிக் குடேன் ட்டி. ஒரு மாசம்தான?" என்றாள்.

அதைத்தான் நானும் ஐந்து நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாசம். பட்டம் வாங்கிய பிறகு வேறே ஏதாவது வரும், வேலை வரும், சிபாரிசுக் கடிதம் வேண்டியிருக்கும், அதற்கும் அவர் கையெழுத்துதான். எனக்கு என்னைத் தெரியாதா?

28 பிப்ரவரி, சனி

வல்லம் பக்கம் போகிற பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அந்த ஆள் என்னத்தைத் தப்பாகச் செய்தார்? தன் பிள்ளைகளுக்குச் செய்ததை என் எலிகளுக்கும் செய்தார். எனக்குத்தான் கோபம் கோபமாக வருகிறது — சார் மேல், காகிதம் ஒட்டின என் மேல், எதுவும் தெரியாமல் போனில் "பட்டம் எப்பம்மா" என்று கேட்கிற அம்மா மேல்கூட.

3 மார்ச், புதன்

கொடுத்துவிட்டேன். நிர்வாகத்துக்கு ஒன்று, ஒப்பந்தக்காரருக்கு ஒன்று, விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு ஒன்று. தமிழில் எழுதினேன், சின்னப்பையனும் படிக்கட்டும் என்று. "அட்டைகளில் தவறில்லை. நாள் எண்ணும் முறையை அவருக்குச் சொல்லாதது என் தவறு. அவரது பதிவுகள் அனைத்தும் ஒரே சீராக உள்ளன."

நகலைச் சாரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். மேஜை டிராயரில் வைத்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

31 மார்ச், புதன்

சார் ஊரில் இல்லை. தீசிஸ் கையெழுத்தாகாமல் அவர் அலமாரியில், பூட்டி இருக்கிறது. பதினேழாம் நாள் படம் அறுபத்திரண்டாம் பக்கம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றேன். "எத்தன நாளு?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

10 மே, திங்கள்

ஒரகடம் பெயிண்ட் கம்பெனியில் சேர்ந்தேன். தர ஆய்வு. காலை ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ். பெயிண்ட் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் தந்திருக்கிறார்கள். சார் ஆகஸ்டில் பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தார். எந்த வருடத்து ஆகஸ்ட் என்று எழுதவில்லை.

14 ஜூன், திங்கள்

காலையில் சுங்குவார்சத்திரம் ஸ்டாப்பில் பின்னாலிருந்து "யம்மா" என்று குரல். சின்னப்பையன். டீக்கடையிலிருந்து கிளாசோடு வந்தார். ஒரு மாதமாகத் திரும்ப எலி ரூமில்தான் இருக்கிறாராம். முகம் தெளிந்திருந்தது.

"உன் லெட்டர எங்க வூட்டுக்காரி தெருவுக்கே படிச்சி காட்டிட்டாம்மா. லேமினேசன் பண்ணி வெச்சி கீறா."

நான் சும்மா சிரித்தேன்.

"பெரிய சாரு இப்போல்லாம் இன்னா பண்றார் தெரியுமா? காலீல எனுக்கு மின்னாடி வந்து நிக்கிறார். கொயந்த எப்போ பொறந்துது, மணி இன்னா, நீயே சொல்லு சின்னப்பையான்னு பக்கத்துல நின்னு கேட்டு எழுதிக்கிறார். பதினேயாம் நாளுன்னு ஏதோ பேப்பர் எழுதறாராம். என் பேரும் அதுல போடறேன்னார்."

"ஓ" என்றேன்.

"நீ முடிச்சிட்டு பூட்டேன்னாங்க. டாக்டர் ஆயிட்டியாம்மா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். லெட்டர் கொடுத்ததால்தான் என் பட்டம் நின்றது என்று தெரிந்தால் இந்த மனுஷன் திரும்ப அந்த வாசலை மிதிக்க மாட்டார்.

"ஆயிட்டேன்" என்றேன்.

"அப்டி போடு" என்று டீக்கடைக்காரரிடம் திரும்பி, "ஏம்பா, டாக்டரம்மாக்கு ஒரு டீ போடு, நல்லா ஸ்ட்ராங்கா" என்றார். கம்பெனி பஸ் திரும்புவது தெரிந்தது. கழுத்தில் தொங்கிய பெயிண்ட் கம்பெனி அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்குள் தள்ளிவிட்டு, டீயைக் குடித்து முடிக்கும்வரை நின்றேன். பஸ் போய்விட்டது.